கேட்டது எத்தனை பைட், கிடைத்தது எத்தனை பைட்?

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில்: படக் கோப்புகளைப் படிக்கும் லைப்ரரிகளுக்குத் தரவை ஊட்டும் முறை

கேள்வி: சி மொழியில் பிஎன்ஜி படங்களைப் படிக்க லிப்பிஎன்ஜி லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். வட்டில் இருக்கும் கோப்பைப் படித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே படத்தை சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) வழியாக வாங்கி நேரடியாகக் கொடுத்தால் சில சமயம் ‘சிஆர்சி எர்ரர்’ (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) வருகிறது. சின்னப் படங்களில் வருவதே இல்லை. நெட்வொர்க்கில் பைட்டுகள் கெட்டுப்போகின்றனவா?

பதில்: பைட்டுகள் கெடவில்லை. டிசிபி இணைப்பில் அனுப்பியதுதான் வந்து சேரும், அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும். ஆனால் ஒரே தவணையில் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. 8192 பைட் கேட்டு, சாக்கெட்டிலிருந்து படிக்கும் ‘ரெக்வ்’ ஃபங்ஷனை அழைத்தால் அது 1448 பைட்டோடு திரும்பலாம். “இப்போதைக்குக் கையில் இருப்பது இவ்வளவுதான், மீதிக்கு மறுபடி வா” என்று அதற்குப் பொருள்.

இப்போது லிப்பிஎன்ஜியின் பக்கம் பாருங்கள். ‘பிஎன்ஜி_செட்_ரீட்_எஃப்என்’ மூலம் நீங்கள் கொடுக்கும் ரீட் ஃபங்ஷனுக்கு மூன்று விஷயங்கள் வருகின்றன: பிஎன்ஜி பாயின்டர், நிரப்ப வேண்டிய இடம், நிரப்ப வேண்டிய பைட் எண்ணிக்கை. அது திருப்பித் தருவது ‘வாய்ட்’, அதாவது ஒன்றுமில்லை. ஒப்பந்தம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. எத்தனை கிடைத்தது என்று சொல்ல வழியே இல்லாததால், நீங்கள் திரும்பி வந்தாலே கேட்டது முழுவதும் நிரம்பிவிட்டது என்று லைப்ரரி எடுத்துக்கொள்ளும். 1448 பைட்டை நிரப்பிவிட்டுத் திரும்பினால் மீதி 6744 இடங்களில் பழைய குப்பை அப்படியே கிடக்கும். அந்தக் குப்பையையும் சேர்த்துப் போட்ட சிஆர்சி எப்படிப் பொருந்தும்? சின்னப் படங்கள் பெரும்பாலும் ஒரே பாக்கெட்டில் வந்துவிடுவதால் தப்பிக்கின்றன. வட்டுக் கோப்பில் ‘எஃப்ரீட்’ தானே சுற்றிச் சுற்றிப் படித்து நிரப்பிவிடுகிறது. அதனால்தான் அங்கே குறை தெரியவில்லை.

திருத்தம் ஒரு சின்ன வளையம். ‘மீதி’ என்று ஒரு மாறியில் கேட்ட எண்ணிக்கையை வையுங்கள். மீதி 0 ஆகும்வரை ரெக்வை அழையுங்கள். நேர் எண் வந்தால் அவ்வளவு தூரம் பாயின்டரை நகர்த்தி, மீதியிலிருந்து கழியுங்கள். 0 வந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது, கோப்பு பாதியில் நின்றுவிட்டது என்று பொருள், ‘பிஎன்ஜி_எர்ரர்’ அழையுங்கள். -1 வந்தால் எர்ர்நோவில் உள்ள எர்ரர் எண்ணைப் பாருங்கள்: ‘ஈஇன்டர்’ (இடையில் குறுக்கீடு) என்றால் மறுபடி முயலலாம், மற்றவற்றுக்கு அதே பிஎன்ஜி_எர்ரர்.

பிஎன்ஜி_எர்ரர் திரும்பி வராது. நீங்கள் ‘செட்ஜம்ப்’ என்ற சி வசதியால் குறித்துவைத்த இடத்துக்குத் தாவும். வைக்கவில்லை என்றால் நிரலையே நிறுத்திவிடும். செட்ஜம்புக்குப் பிறகு மதிப்பு மாறும் உள்மாறிகளுக்கு ‘வாலட்டைல்’ போடுங்கள், இல்லையென்றால் தாவி வந்த பிறகு பழைய மதிப்பு தெரியக்கூடும். சி++ எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாவலுக்கு இடையே உள்ள பொருள்களின் டிஸ்ட்ரக்டர் ஓடும் என்று நம்பக் கூடாது. வெக்டர், ஸ்ட்ரிங் போன்றவற்றை செட்ஜம்புக்கு முன்பே, வெளியில் உருவாக்கிவிடுங்கள்.

இதே வளையத்தை எஸ்டிபி_இமேஜ் என்ற இன்னொரு பட லைப்ரரிக்கும் எழுதத்தான் வேண்டும். அங்கே ரீட் ஃபங்ஷன் கிடைத்த எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது; அதைப் பார்த்துவிட்டு, குறைத்துக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். தன் சின்ன பஃபரை நிரப்பும்போது அது சமாளிக்கும். பெரிய துண்டை ஒரே மூச்சில் கேட்கும்போது எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் தோல்வி என்று முடிவுகட்டிவிடும். தரவு தீர்ந்தால் 0 கொடுங்கள், -1 கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் சாக்கெட் ‘நான்-பிளாக்கிங்’ வகை (தரவு இல்லையென்றால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும்). தரவு வரும்வரை ரீட் ஃபங்ஷனுக்குள் காத்திருக்க முடியாது. என்ன வழி?

பதில்: லைப்ரரி தரவை இழுக்கும் முறையிலிருந்து, நீங்கள் அதற்குள் தரவைத் தள்ளும் முறைக்கு மாறுங்கள். லிப்பிஎன்ஜியில் ‘பிஎன்ஜி_செட்_ப்ரோக்ரெசிவ்_ரீட்_எஃப்என்’ மூலம் மூன்று கால்பேக் (லைப்ரரி தேவையானபோது அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) பதிவு செய்யலாம்: தலைப்பு படித்து முடிந்தபோது ஒன்று, ஒவ்வொரு வரிசை தயாரானபோது ஒன்று, படம் முடிந்தபோது ஒன்று. பிறகு கையில் எத்தனை பைட் வந்ததோ அத்தனையை மட்டும் ‘பிஎன்ஜி_ப்ராசஸ்_டேட்டா’வுக்குக் கொடுத்தால் போதும். ஒரு பைட் என்றாலும் வாங்கிக்கொள்ளும். பைத்தானில் பில்லோ என்ற பட லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு ‘இமேஜ்ஃபைல்.பார்சர்’ இதே வேலையைச் செய்கிறது: ஃபீட், ஃபீட், கடைசியில் க்ளோஸ்.

கேள்வி: ஜேபெக் படங்களைப் படிக்கும் லிப்ஜேபெக்குக்குத் தரவை ஊட்ட ஒரு ‘சோர்ஸ் மேனேஜர்’ எழுதினேன். கேமராவில் எடுத்த படங்கள் மட்டும் தோல்வி அடைகின்றன. இணையத்தில் எடுத்த படங்கள் சரியாக வருகின்றன. இன்னொரு சந்தேகம்: பாதியில் அறுந்த கோப்பைக் கொடுத்தால் எர்ரர் வராமல், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகப் படம் வருகிறது. இது சரியா?

பதில்: முதல் கோளாறு அநேகமாக ‘ஸ்கிப்_இன்புட்_டேட்டா’வில் இருக்கும். கேமராப் படங்களின் தொடக்கத்தில் எக்ஸிஃப் (படம் எடுத்த விவரங்கள்) பகுதி இருக்கும். அதற்குள் ஒரு குட்டிப் படமும் இருப்பது வழக்கம். ஜேபெக்கில் ஒரு மார்க்கர் பகுதியின் நீளம் 2 பைட் எண், ஆகவே 65535 வரை போகலாம். லைப்ரரிக்கு எக்ஸிஃப் தேவையில்லை என்றால் “இத்தனை பைட்டைத் தாண்டு” என்று உங்களிடம் சொல்லும். லைப்ரரியோடு வரும் கோப்பு மேனேஜரைப் பார்த்து நீங்களும் 4096 பைட் பஃபர் வைத்திருந்தால், தாண்ட வேண்டிய அளவு பஃபரில் இருப்பதைவிடப் பெரியதாக இருக்கும். அப்போது ‘பைட்ஸ்_இன்_பஃபர்’ மதிப்பிலிருந்து கண்ணை மூடிக் கழித்தால் என்ன ஆகும்? அது குறியில்லா எண். சுழிக்குக் கீழே போகாமல் பிரம்மாண்டமான எண்ணாகச் சுழன்றுவிடும். லைப்ரரி உங்கள் பஃபருக்கு வெளியே படிக்கத் தொடங்கும். தாண்ட வேண்டியது பஃபரைவிடப் பெரியதாக இருக்கும்வரை, இருப்பதைக் கழித்துவிட்டு ‘ஃபில்_இன்புட்_பஃபர்’ அழைத்து நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மீதியை மட்டும் கடைசியில் கழிக்க வேண்டும். இணையப் படங்களில் பெரும்பாலும் எக்ஸிஃப் நீக்கப்பட்டிருப்பதால் அவை இந்தப் பாதைக்குள்ளேயே போகவில்லை.

சாம்பல் நிறத்துக்கு வருவோம். தரவு தீர்ந்துவிட்டால் லைப்ரரியோடு வரும் மேனேஜர் 255, 217 என்ற இரண்டு பைட்டைத் தானே உள்ளே வைக்கிறது. அதுதான் படம் முடிந்ததற்கான மார்க்கர். அறுந்த படத்திலும் கிடைத்தவரை காட்டுவோம் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. படம் பார்க்கும் செயலிக்கு அது பொருத்தம். படத்தைச் சேமித்துவைக்கும் சர்வருக்குப் பொருத்தமே இல்லை. டீகோட் முடிந்ததும் எர்ரர் மேனேஜரில் உள்ள ‘நம்_வார்னிங்ஸ்’ மதிப்பைப் பாருங்கள். 0 இல்லை என்றால் ஏதோ ஒரு கோளாறு நடந்திருக்கிறது. சர்வர் என்றால் அந்தக் கோப்பை மறுத்துவிடுங்கள். கூடவே ‘எரர்_எக்ஸிட்’டையும் மாற்றி எழுதுங்கள். அதன் இயல்பான வேலை நிரலை ‘எக்ஸிட்’ செய்வது. யாரோ ஒருவர் ஏற்றிய ஒரு கெட்ட படத்துக்காக முழு சர்வரும் நிற்கக் கூடாது.

ஃபில்_இன்புட்_பஃபர் ‘ஃபால்ஸ்’ திருப்பினால் “இப்போது தரவு இல்லை, பிறகு வா” என்று பொருள். இந்த வழியில் போனால் லைப்ரரி இன்னும் செரிக்காத பைட்டுகளை நீங்கள் பத்திரமாக வைத்திருந்து, புதியவற்றை அதன் பின்னால் ஒட்டி, ‘நெக்ஸ்ட்_இன்புட்_பைட்’, பைட்ஸ்_இன்_பஃபர் இரண்டையும் திருத்திவிட்டு மறுபடி அழைக்க வேண்டும். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மட்டும் கொடுப்பதே இங்கே வழக்கமான தவறு. கோப்பு முழுவதும் நினைவகத்தில் கொள்ளும் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம்; ‘ஜேபெக்_மெம்_எஸ்ஆர்சி’ போதும்.

கேள்வி: லினக்ஸில் ஓடும் நிரல் விண்டோஸில் “இது பிஎன்ஜி கோப்பு இல்லை” என்கிறது. கோப்பு ஒன்றுதான்.

பதில்: எஃப்ஓப்பனில் ‘ஆர்’ என்று கொடுத்திருப்பீர்கள். ‘ஆர்பி’ என்று மாற்றுங்கள்.

காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பிஎன்ஜியை வடிவமைத்தவர்கள் இந்தத் தவறைப் பிடிப்பதற்காகவே முதல் 8 பைட்டைச் செதுக்கியிருக்கிறார்கள். அவை 137, 80, 78, 71, 13, 10, 26, 10. முதலில் இருக்கும் 137க்கு எட்டாவது பிட் ஏறியிருக்கும். 7 பிட் மட்டும் கடத்தும் வழியில் போனால் அது மாறிவிடும், உடனே தெரிந்துவிடும். அடுத்த மூன்றும் பி, என், ஜி எழுத்துகள். 13, 10 என்பது விண்டோஸின் வரி முடிவு. டெக்ஸ்ட் முறையில் படித்தால் அது வெறும் 10 ஆகிவிடும். 26 என்பது அந்தக் காலத்து டாஸில் கோப்பு முடிவுக் குறி. விண்டோஸின் டெக்ஸ்ட் முறை இன்றும் அதைப் பார்த்தவுடன் நின்றுவிடும். கடைசி 10 எதிர்த்திசை மாற்றத்தைப் பிடிக்கிறது. ஆக, டெக்ஸ்ட் முறையில் 8 பைட் கேட்டால் 137, 80, 78, 71, 10 என்று 5 பைட்தான் கைக்கு வரும். பரிசோதித்துப் பாருங்கள், அப்படியே நடக்கும்.

ஜேபெக்கில் இந்தக் காவல் இல்லை. அங்கே 26 எங்கே விழுகிறதோ அங்கே படம் அறும். ஒரு படம் வரும், இன்னொன்று வராது. அதனால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

கேள்வி: கோப்பின் பெயர் முடிவை நம்பாமல் வகையைக் கண்டுபிடிக்க எத்தனை பைட் பார்க்க வேண்டும்?

பதில்: பரவலாகப் புழங்கும் வகைகளுக்கு 12 போதும். பிஎன்ஜிக்கு மேலே சொன்ன 8. ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும். ஜிஐஎஃப் என்றால் ‘ஜிஐஎஃப்87ஏ’ அல்லது ‘ஜிஐஎஃப்89ஏ’ என்ற 6 எழுத்து. டிஃப் என்றால் 73, 73, 42, 0 அல்லது 77, 77, 0, 42. முதலாவதில் எண்களின் சிறிய பைட் முன்னால் வரும், இரண்டாவதில் பெரிய பைட் முன்னால் வரும். வெப்பியில் 4 எழுத்து ‘ரிஃப்’, பிறகு 4 பைட் நீளம், பிறகு ‘வெப்பி’ என்ற 4 எழுத்து. 12 வேண்டும் என்பது இதனால்தான்.

ஒப்பிடும்போது ‘அன்சைன்ட் சார்’ பயன்படுத்துங்கள். சாதாரண ‘சார்’ குறியுள்ளதாக இருக்கும் கணினியில் 137 என்பது -119 ஆகிவிடும், ஒப்பீடு என்றைக்கும் பொருந்தாது. ‘கெட்சி’ தரும் மதிப்பை சாரில் வைப்பதும் இதே குழி: 255 என்ற பைட்டும் கோப்பு முடிவைக் குறிக்கும் -1உம் ஒன்றாகத் தெரியும். ஜேபெக்கின் முதல் பைட்டே 255 என்பதை மறக்காதீர்கள்.

பார்த்த பைட்டுகளை என்ன செய்வது? பின்னோக்கிப் போக முடிந்தால் தொடக்கத்துக்குப் போய்விடுங்கள். சாக்கெட், பைப் என்றால் போக முடியாது; அந்த 12 பைட்டையும் வைத்திருந்து, உங்கள் ரீட் ஃபங்ஷன் முதலில் அவற்றைக் கொடுத்துத் தீர்த்த பிறகே சாக்கெட்டைத் தொட வேண்டும். லிப்பிஎன்ஜியில் மட்டும் ‘பிஎன்ஜி_செட்_சிக்_பைட்ஸ்’ மூலம் “8 பைட் ஏற்கெனவே படித்தாயிற்று” என்று சொல்லலாம். 8தான் அதிகபட்சம்; 12 படித்திருந்தால் மீதி 4ஐ நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டிஃப் வகைக்கு இந்த வித்தை உதவாது. அதன் அட்டவணை கோப்பின் எந்த மூலையிலும் இருக்கலாம் என்பதால், முன்னும் பின்னும் நகரும் வசதி இல்லாமல் லிப்டிஃப் வேலை செய்யாது. முழுக் கோப்பையும் நினைவகத்திலோ தற்காலிகக் கோப்பிலோ இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பில்லோவில் ‘வெரிஃபை’ (கோப்பு கெட்டிருக்கிறதா என்ற சோதனை) செய்த பிறகு படத்தைத் திறந்தால் “கெனாட் ஐடென்டிஃபை இமேஜ் ஃபைல்” என்கிறது. படம் நல்ல படம்தான்.

பதில்: முதல்முறை திறந்ததில் கோப்பின் படிக்கும் இடம் முன்னால் நகர்ந்துவிட்டது; அநேகமாக அதன் பிறகு ‘ரீட்’ செய்த பைட்டுகளை நினைவகக் கோப்பான பைட்ஸ்ஐஓவில் போட்டுத் திறக்கிறீர்கள், அவற்றில் படத்தின் தொடக்கம் இருக்காது. ‘ரீட்’ செய்வதற்கு முன் ‘சீக்(0)’ செய்யுங்கள்; கோப்புப் பொருளையே கொடுத்தால் ‘இமேஜ்.ஓப்பன்’ தானே தொடக்கத்துக்குப் போய்விடும். வெரிஃபை செய்த இமேஜ் பொருளையே தொடர்ந்து பயன்படுத்த முடியாது; புதிதாகத்தான் திறக்க வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. இமேஜ்.ஓப்பன் தலைப்பை மட்டும் படிக்கிறது. பிக்சல்களை ‘லோட்’ செய்யும்போதுதான், அல்லது முதன்முதலில் தேவைப்படும்போதுதான் படிக்கிறது. அதற்குள் நீங்கள் கோப்பை மூடிவிட்டால், எர்ரர் வேறெங்கோ ஒரு மூலையில் கிளம்பும். கோப்பு திறந்திருக்கும்போதே லோட் செய்துவிடுங்கள். ‘லோட்_ட்ரங்கேட்டட்_இமேஜஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கச் சொல்லும் ஆலோசனையைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது நிரல் முழுவதற்கும் பொதுவான சுவிட்ச். ஒரு கோப்புக்காகப் போட்டால் அறுந்த எல்லாக் கோப்புகளும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

கேள்வி: கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் பைத்தானில் ஓப்பன்சிவி என்ற பட லைப்ரரி ‘நன்’ (வெற்று மதிப்பு) தருகிறது. ஆங்கிலப் பெயர் என்றால் திறக்கிறது.

பதில்: விண்டோஸில்தானே? அங்கே படத்தைத் திறக்கும் ‘ஐஎம்ரீட்’ ஃபங்ஷன் கோப்பின் பெயரைப் பழைய ஒற்றை பைட் வழியில் இயங்குதளத்துக்கு அனுப்புகிறது. அந்த வழி ஏஎன்எஸ்ஐ குறிப்பக்கங்களை (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணைகளை) நம்பியது. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு குறிப்பக்கமே கிடையாது, தமிழ் யூனிகோடில் மட்டும்தான் இருக்கிறது. பெயரை மாற்ற வேண்டியதில்லை. நம்பை என்ற பைத்தான் லைப்ரரியின் ‘ஃப்ரம்ஃபைல்’ மூலம் பைட்டுகளை ‘யுஇன்ட்8’ வகையில் படித்து, ‘ஐஎம்டீகோட்’டுக்குக் கொடுங்கள். காலிக் கோப்பு என்றால் ஐஎம்டீகோட் எக்ஸெப்ஷன் எறியும், ஆகவே அளவு 0 இல்லையா என்று முதலில் பாருங்கள். கெட்ட படம் என்றால் நன் தரும். அதையும் பார்க்க வேண்டும். வரும் நிற வரிசை நீலம், பச்சை, சிவப்பு. ஆல்ஃபாவும் 16 பிட்டும் அப்படியே வேண்டும் என்றால் ‘ஐஎம்ரீட்_அன்சேஞ்ச்ட்’ கொடுங்கள், ஆனால் அப்போது எக்ஸிஃப் சொல்லும் திருப்பலை ஓப்பன்சிவி செய்யாது.

கேள்வி: நானே எழுதிய பிஎம்பி ரீடரில் சில படங்கள் மட்டும் சரிந்து, சாய்ந்து தெரிகின்றன.

பதில்: பிஎம்பியில் ஒவ்வொரு வரிசையும் 4இன் மடங்காக நிரப்பப்படும். 24 பிட், 10 பிக்சல் அகலம் என்றால் தரவு 30 பைட், கோப்பில் இருப்பது 32. அந்த 2 பைட்டைத் தாண்டாமல் படித்தால் வரிசைக்கு வரிசை படம் நகர்ந்துகொண்டே போகும். அகலம் × பிட் + 31, அதை 32ஆல் வகுத்து, ஈவை மட்டும் எடுத்து 4ஆல் பெருக்குங்கள். உயரம் நேர் எண் என்றால் கடைசி வரிசை முதலில் வரும். எதிர் எண் என்றால் மேலிருந்து கீழ்.

லிப்பிஎன்ஜியில் இதற்கு இணையான தவறு இன்னும் ஆபத்தானது. பேலட் படத்தை (பிக்சலுக்கு நிறப் பட்டியலின் எண் மட்டும் உள்ளது) ஆர்ஜிபி ஆக்கச் சொன்னால் வரிசை நீளம் மூன்று மடங்காகலாம். ‘பிஎன்ஜி_ரீட்_அப்டேட்_இன்ஃபோ’ அழைத்த பிறகு ‘பிஎன்ஜி_கெட்_ரோபைட்ஸ்’ என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும். முன்பே ஒதுக்கினால் பஃபர் நிரம்பி வழியும்.

கேள்வி: சில கிலோபைட் படம் ஒன்று சர்வரின் நினைவகத்தையே விழுங்கிவிட்டது. எப்படித் தடுப்பது?

பதில்: பிஎன்ஜியில் உள்ள டிஃப்ளேட் சுருக்கம் ஒரே பைட் திரும்பத் திரும்ப வரும் தரவைச் சுமார் 1032 மடங்கு வரை சுருக்கும். தலைப்பில் எழுதிய அகலமும் உயரமுமோ எதையும் சொல்லலாம். ஆகவே தலைப்பைப் படித்தவுடன், இடம் ஒதுக்குவதற்கு முன்பு நிறுத்திக் கணக்குப் பாருங்கள். பிஎன்ஜியில் முதல் 33 பைட்டுக்குள் எல்லாம் தெரிந்துவிடும்: 16ஆம் இடத்திலிருந்து 4 பைட் அகலம், அடுத்த 4 பைட் உயரம் (எண்ணிக்கை 0இலிருந்து).

பெருக்கும்போது கவனம். 65536 × 16384 × 4 என்பது 2இன் 32ஆம் அடுக்கு. 32 பிட் எண்ணில் அதன் மதிப்பு 0. ‘மால்லாக்’ 0 பைட் ஒதுக்கும், நிரல் 4 ஜிகாபைட் எழுதப் போகும். பெருக்கிப் பார்ப்பதற்குப் பதில் வகுத்துப் பாருங்கள்: உங்கள் பிக்சல் வரம்பை உயரத்தால் வகுத்தால் வருவதைவிட அகலம் பெரியதா? பெரியது என்றால் மறுத்துவிடுங்கள். உயரம் 0 என்றால் அதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும்.

லைப்ரரியின் வரம்பு மட்டும் போதாது. லிப்பிஎன்ஜி இயல்பாக அகலத்துக்கு 10 லட்சம், உயரத்துக்கு 10 லட்சம் என்று தனித்தனியாகத்தான் பார்க்கிறது. இரண்டையும் பெருக்கினால் லட்சம் கோடி பிக்சல். பில்லோ மொத்தத்தைப் பார்க்கிறது: 8,94,78,485 பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கை, அதன் இரு மடங்கைத் தாண்டினால் எர்ரர். எச்சரிக்கை வரும் அளவே 24 பிட் படத்துக்குக் கால் ஜிகாபைட். ஒரே நேரத்தில் இருபது பேர் ஏற்றும் சர்வருக்கு அதுவும் அதிகம், ‘மேக்ஸ்_இமேஜ்_பிக்சல்ஸ்’ மதிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக், பிஎன்ஜி மட்டும் போதும் என்றால் இமேஜ்.ஓப்பனுக்கு ‘ஃபார்மேட்ஸ்’ பட்டியலும் கொடுங்கள். தேவையில்லாத டீகோடர்கள் பக்கம் தரவு போகவே போகாது.

கேள்வி: இத்தனையும் சரியாக எழுதியிருக்கிறேனா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: 2000 பைட் அளவில் ஒரு சின்னப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்கு அடியில், ரெக்வ் இருக்கும் இடத்தில், பொய்யான மூலங்களை மாற்றி மாற்றி வையுங்கள். முதலாவது, எவ்வளவு கேட்டாலும் ஒரு பைட் மட்டும் தருவது. படம் எழுத்துப் பிசகாமல் அப்படியே வர வேண்டும். வராவிட்டால் உங்கள் வளையத்தில் ஓட்டை. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிக்கை தருவது. மூன்றாவது, குறிப்பிட்ட பைட்டோடு தீர்ந்துபோவது: 0 பைட்டில் ஒருமுறை, 1 பைட்டில் ஒருமுறை, 1999 வரை. 2000 ஓட்டம் என்பது சில விநாடி வேலை. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டு ஓட்டுங்கள். எந்த ஓட்டமும் நொறுங்கக் கூடாது, எதுவும் முடிவில்லாமல் சுற்றக் கூடாது. இதில் தேறிய பிறகு, தாறுமாறான தரவை ஊட்டிச் சோதிக்கும் லிப்ஃபஸரிடம் கொடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். இந்த எளிய தவறுகளையே அது மறுபடி மறுபடி கொண்டுவந்து காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது சோதனையில் பிஎன்ஜிக்கு ஒன்று கவனியுங்கள். கடைசிச் சில பைட் மட்டும் குறைந்த கோப்பில் எல்லா வரிசைகளும் சரியாக வந்துவிடும். எர்ரர் ‘பிஎன்ஜி_ரீட்_எண்ட்’ அழைக்கும்போதுதான் வரும். பிக்சல் கிடைத்துவிட்டதே என்று அந்த அழைப்பை விட்டுவிட்டால், அறுந்த கோப்பு முழுக் கோப்பு என்றே பதிவாகும்.